மூன்றாவது போனை எடுத்தவன் நீ

கண்ணு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள். நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வருடமாகப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது ஒன்றுக்கு உன்னைத் திட்டுவதில் போய் முடிகிறது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாய், சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்தாய், ஏதோ ஒன்று. என் வாய் அப்படி வளர்ந்துவிட்டது. கையில் பேனா இருந்தால் கொஞ்சம் அடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்கு ரயில் ஏறுகிறாய். யார் யாருடைய கோப்புகளையோ வைத்திருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்கிறாய். அந்த வேலைக்குப் போகிற மகனிடம், நம் வீட்டு சர்வர் நின்றுபோன விஜயதசமி அன்று உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லாமல் அனுப்பினால், அம்மா என்று சொல்லிக்கொள்ள நான் லாயக்கில்லை. கவரை ஒட்டாமல்தான் வைக்கிறேன். உன் அப்பாவும் படிக்கட்டும். அவருக்கும் பாதிதான் தெரியும்.

நான் வேலை பார்த்த மில்லில் கம்ப்யூட்டர் பிரிவை மூடியபோது, பழைய சாமான்களோடு அந்த சர்வரையும் இரண்டு கம்ப்யூட்டர்களையும் எனக்குக் கொடுத்தார்கள். போத்தனூர் வீட்டின் உள்ளறையில் அலமாரிக்குக் கீழே அதை வைத்து, சுவரில் ஓட்டை போட்டு வயர் இழுத்தது உன் அப்பா. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்க்கிறவர் என்பதால் வயர் என்றால் அவருக்குத் திருவிழா. முன்னறைக் கம்ப்யூட்டரில் நான் கல்யாணப் பத்திரிகைகள் அடித்தேன். உள்ளறைக் கம்ப்யூட்டரில் ரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியல். இரண்டுக்கும் கோப்புகள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். ஆஸ்பத்திரி நோட்டீஸ் பலகைகளில் நம் வீட்டு போன் நம்பர் இருந்தது உனக்கு நினைவிருக்கும். எந்த ரத்தம் வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த வகைக்காரர்களின் பெயர், ஊர், பக்கத்து வீட்டு போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி எல்லாம் ஒரு நிமிடத்தில் திரையில் வந்துவிடும். அறுநூற்றுச் சொச்சம் பேர். அவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. இந்தக் கடிதத்தில் வரப்போகிற அத்தனை கோளாறுக்கும் அந்தப் பெருமைதான் காரணம்.

நீ பாலிடெக்னிக்கில் முதல் வருடம் படித்த புரட்டாசி அது. ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். பட்டியல்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று, ரத்தம் கொடுக்கிறவர்கள் தங்கள் கையால் எழுதிக் கொடுத்த பழைய படிவங்களைக் கட்டுக் கட்டாக எடைக்குப் போட்டேன். அலமாரியில் அவ்வளவு இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் வேறு. சாயங்காலம் தையல் மெஷின், அப்பாவின் ஸ்பேனர்கள், அரிவாள்மணை, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு சர்வரிடம் வந்தேன். நீ குறுக்கே வந்து நின்றாய். பொட்டு மட்டும் வைத்தால் போதும், நிறுத்த வேண்டாம் என்றாய். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிய டிஸ்க், நிறுத்தினால் திரும்ப ஓடாமல் போகலாம் என்று உங்கள் லேப் வாத்தியார் சொன்னதாகச் சொன்னாய். எல்லா ஆயுதமும் ஓய்வெடுக்கிற நாளில் இது மட்டும் என்ன மகாராஜாவா என்று கேட்டேன். அப்பா சிரித்தார். நான் நிறுத்தச் சொல்லும் கட்டளையை அடித்து, சுவிட்சை அணைத்து, அதன் நெற்றியில் அழகாகச் சந்தனம் வைத்து, மேலே ஒரு முழம் கதம்பமும் வைத்தேன். பூ வைக்கிறதற்கு முன்னால் தூசி தட்ட வேண்டும் என்று நான் சொன்னதால்தான் நீ அதன் மூடியைத் திறந்து பிரஷ்ஷால் துடைத்தாய். நான் சொல்லித்தான் துடைத்தாய். இதை அடிக்கோடிட்டுப் படி.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி சுவிட்சைப் போட்டேன். வழக்கமாக மெல்ல ஆரம்பித்து ஏறுகிற அந்த விசில் சத்தம் வரவில்லை. காற்றாடி மட்டும் சுற்றியது. உள்ளே இரண்டு முறை 'டிக்' என்றது, பிறகு மூச்சில்லை. நீ தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்டாய். "உள்ள சுத்தலைங்கம்மா. படிக்கற முள்ளு தட்டோட ஒட்டிக்கிச்சு போலருக்குது," என்றாய். அதற்கு நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "நேத்து மூடியத் தொறந்து நோண்டிப்போட்டு இப்ப ஒட்டிக்கிச்சுங்கறயா? நீ தொட்டதுனாலதான் போச்சு." அப்பா என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். அடுத்து நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஃபிளாப்பியில் எடுத்து வைத்த நகல் எங்கே என்று. அந்த டப்பாவை நான் எடுத்துக் கொடுக்கவே இல்லை. தேடுகிற மாதிரி நடித்தேன். ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஃபிளாப்பி போதாமல், அந்த நகல்களை அழித்துவிட்டு அதில் பத்திரிகைகளைப் போட்டு அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். அந்த அப்புறம் வரவே இல்லை.

நான் உன்னைத் திட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் முதல் போன் வந்தது. மணி எட்டரை இருக்கும். பேசியவர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போன் பூத்திலிருந்து பேசினார். வால்பாறை எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். மனைவிக்கு விடியும் முன்னே பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ரத்தப்போக்கு நிற்கவில்லை, மலையிலிருந்து ஜீப்பில் கோயமுத்தூருக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஓ நெகட்டிவ் வேண்டும். அந்த வகைக்காரர்களுக்கு வேறு எந்த ரத்தமும் சேராது. ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை, பண்டிகை நாளில் வெளியிலும் கிடைக்கவில்லை. நம் நம்பரைப் பலகையில் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: எங்கள் பட்டியல் இப்போது வேலை செய்யவில்லை, நீங்கள் வேறு பக்கம் தேடுங்கள். நான் சொன்னது, "இருக்குதுங்க, ஒரு மணி நேரத்துல ஆளை அனுப்பறேன். நீங்க அங்கயே இருங்க." அவர் போனை வைப்பதற்குள் நாலு தடவை நன்றி சொன்னார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன் என்பது பாதி உண்மை. இந்த வீட்டுக்கு போன் செய்தால் இல்லை என்ற பதிலே வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை விட மனசில்லை என்பது மீதி. அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது, எழுதவே கை கூசுகிறது. பேசியவர் ஒரு மில் முதலாளியாக இருந்திருந்தால், பின்னால் கேள்வி வரும் என்ற பயத்திலாவது உண்மையைச் சொல்லியிருப்பேன். எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறவர், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று என் மனசு சொன்னது. உன் அப்பாவைப் பெற்றவர்களும் கூலிக்குக் களை எடுத்தவர்கள்தான். அவர்களை யாராவது இப்படி வாசலில் நிற்க வைத்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

ஓ நெகட்டிவ்காரர்களில் இரண்டு பேர் எனக்கு மனப்பாடம். ஒருவர் மஸ்கட் போய்விட்டார். இன்னொருவர் மூன்று வாரம் முன்புதான் ரத்தம் கொடுத்திருந்தார், திரும்பக் கேட்க முடியாது. மற்றவர்கள் பெயர் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. படிவங்களைத் திரும்பப் பிடிக்க அப்பா சைக்கிளில் போனார். பழைய பேப்பர் கடை பூட்டிக் கிடந்தது, கடைக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார் என்று வெறுங்கையோடு திரும்பினார். நீ டிஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். லேப் வாத்தியார் ஒரு வழி சொல்லியிருந்தாராம்: டிஸ்க்கைக் கையில் பிடித்து, ஒட்டிக்கொண்டது விடுபடும்படி வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்புவது. கொஞ்சம் பிசகினாலும் உள்ளே கீறிவிடும், அதோடு எல்லாம் போச்சு. செய்யட்டுமா என்று கேட்டாய். நான் வேண்டாம் என்றேன். பிறகு செய் என்றேன். பிறகு, இருக்கிறதையும் கெடுத்துவிடாதே என்றேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நீ கேட்டதற்கு ஒரு தடவைகூட நான் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு இரண்டாவது போன். யாரும் இன்னும் வரவில்லையே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆள் கிளம்பிவிட்டார், பஸ் கிடைத்திருக்காது என்றேன். எந்த ஆள்? எந்த பஸ்? வாயில் வந்ததைச் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் போனை வைத்ததும், அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், நாம் சொன்னதை நம்பி அவர் வேறு எங்கும் போகாமல் அந்த பூத் வாசலிலேயே நிற்பார் என்றாய். கத்தவில்லை, கெஞ்சவில்லை, சாதாரணமாகச் சொன்னாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ உன் வேலையைப் பார் என்றேன்.

பத்தே கால் இருக்கும், மறுபடி மணி அடித்தது. எனக்கு முன்னால் ஓடிப்போய் நீ எடுத்தாய். அவர் பேசி முடிக்கும்வரை கேட்டாய். பிறகு சொன்னாய்: "ஏனுங்க, எங்க லிஸ்ட்டு காலைலருந்தே கெட்டுப்போய்க் கெடக்குதுங்க. யாரும் இன்னும் கெளம்பலைங்க. நாங்க சரி பண்ணிட்டுத்தான் இருக்கறோம், ஆனா எங்கள நம்பி நிக்காதீங்க. அங்கயே யாரையாவது கேளுங்க, நர்ஸு படிக்கற புள்ளைங்க ஹாஸ்டல் பக்கத்துல இருக்கும், அங்க போய்க் கேளுங்க." நீ அதைச் சொல்லி முடிக்கவில்லை, என் கை உன் கன்னத்தில் விழுந்தது. போன் உன் காதில் இருக்கும்போதே. பதினேழு வயதுப் பிள்ளையை, உன் அப்பா கண்ணெதிரில். நீ போனை மெதுவாக அதன் இடத்தில் வைத்தாய். கன்னத்தைக்கூடத் தடவவில்லை. உள்ளறைக்குப் போய் டிஸ்க்கைக் கையில் எடுத்து, இனி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவு செய்தவனாக, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி ஒரு திருப்பு திருப்பினாய்.

முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் வெறும் 'டிக்'தான். மூன்றாவதுக்கு அப்பாவை சுவிட்சில் கை வைக்கச் சொல்லிவிட்டு, வயரை மாட்டிய டிஸ்க்கைக் கையில் வைத்தபடியே திருப்பினாய். கரகரவென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் அந்த விசில் மெல்ல மேலே ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அப்போதும் நான் கேட்டது என்ன தெரியுமா, முதலில் எல்லாவற்றையும் நகல் எடு என்று. கார்த்திகை முகூர்த்தத்துக்கு அடித்த பத்திரிகைகள் இருபத்து மூன்று அதில் கிடந்தன. நீ காதில் வாங்கவே இல்லை. ஓ நெகட்டிவ் என்று அடித்தாய், எனக்குத் தெரிந்த அந்த இரண்டு பேர் போக நாலு பெயர் வந்தது, எழுதிக்கொள்ளச் சொன்னாய். பத்திரிகை புரூஃப் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். நாலாவது பெயரை எழுதும்போது கரண்ட் போனது.

டிஸ்க் நின்றால் இனி எழாது என்று நமக்குத் தெரியும். பழைய யூ.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும், அதுவும் நல்ல நாளில். அது பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்க, நீ பட்டியலை மட்டும் உள்ளறைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தாய். நான் முன்னறையில் போனில் நாலு பேரையும் தேடினேன். இரண்டு வீட்டில் எடுக்கவில்லை. ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நாலாமவர் அவிநாசியில் பள்ளிக்கூட ஆசிரியர். பக்கத்து வீட்டார் போய்க் கூப்பிட, பூஜைப் பொரியை மென்றுகொண்டே வந்து, "இப்பவே வாரனுங்க," என்றார். உள்ளேயிருந்து நீ, பட்டியல் முழுசாக வந்துவிட்டது என்றாய். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் இருக்கும், யூ.பி.எஸ். அடங்கி, விசில் இறங்கி நின்றுபோனது. பத்திரிகைகள் அத்தனையும் போயின. பட்டியல் பிழைத்தது.

அவிநாசி ஆசிரியர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. ரத்தம் கொடுத்தார். சாயங்காலம் போன் செய்து, தாய்க்கு ஆபத்தில்லை என்றார். அத்தோடு இன்னொன்றும் சொன்னார், அதை நான் உங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கணவர், நீ சொன்னபடியே நர்ஸிங் ஹாஸ்டல் வாசலில் போய் நின்று கேட்டிருக்கிறார். ஒரு மாணவி உடனே வந்து கொடுத்திருக்கிறாள். பதினொன்றே காலுக்கே முதல் பாட்டில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். ஆசிரியருடையது இரண்டாவது பாட்டில். புரிகிறதா சாமி? அந்த உயிரைக் காப்பாற்றியது என் பட்டியல் இல்லை. நீ போனில் சொன்ன உண்மை. நான் மூன்றாவது போனையும் எடுத்திருந்தால், ஆள் அவிநாசி ரோட்டில் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லியிருப்பேன். அவரும் நம்பி நின்றிருப்பார்.

தை மாதம் எனக்கு ஒரு சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்களே, விஜயதசமி அன்று கெட்டுப்போன கம்ப்யூட்டரையும் மீறி ஓர் உயிரைக் காத்த தாய் என்று. நான் மேடையில் அதை மறுக்கவில்லை. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். உன்னைப் பார்க்காமல் இருக்க நான் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஆறு வயதில் நடந்தது அப்போது நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டில் வாங்கிய குக்கரின் வெயிட்டை நான் தொலைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல உன்னிடம் கொடுத்தனுப்பினேன். நீ போய், அம்மா வெயிட்டைத் தொலைத்துவிட்டாள், புதிது வாங்கித் தருவாள் என்று சொல்லிவிட்டு வந்தாய். தொடையில் கிள்ளினேன். அன்றிலிருந்து உனக்கு மறைக்கச் சொல்லிக் கொடுக்க முயன்றுகொண்டே இருந்திருக்கிறேன். நல்லவேளை, அந்தப் பாடத்தில் நீ தேறவே இல்லை.

புத்தி சொல்லாமல் அம்மாவால் கடிதத்தை முடிக்க முடியாது, அதனால் சொல்கிறேன். நகல் எடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. மாதம் ஒருமுறை திறந்து, உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார். மெஷின் என்றால் நிற்கத்தான் செய்யும், அதற்கு யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் அது நின்றதும், சரி செய்ய உட்காருவதற்கு முன்னால், அதை நம்பிக் காத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. உன் மேலதிகாரி வேண்டாம் என்பார். கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்பார். நான் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொல்வார். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, இதுதான் எழுதக் கஷ்டமானது. அந்த வால்பாறைக்காரர் ஒவ்வொரு விஜயதசமிக்கும் நம் வீட்டுக்கு போன் செய்கிறார். எனக்கு நன்றி சொல்வார். சொல்லிவிட்டு, "அந்தத் தம்பி இருக்காருங்களா?" என்று கேட்பார். வெளியே போயிருக்கிறான் என்பேன். போன வருடம் நீ எனக்கு எதிரே உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாய். யார் என்று கேட்டாய். ராங் நம்பர் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால் என் பொன்னாடை கழன்றுவிடும் என்ற பயம்.

இந்த வருடம் அவர் கூப்பிட்டபோது நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஆளே கிளம்பாதது, பஸ் கதை, எல்லாம். முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தெரியுமுங்க. தம்பி பேசறப்பவே புரிஞ்சுபோச்சு. தம்பி மேல அடி விழுந்த சத்தமும் எனக்குக் கேட்டுச்சுங்க. அதுனாலதானுங்க வருசா வருசம் தம்பியக் கேக்கறேன்."

வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் வருகிறார்கள். குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிட்டதாம். உன் ரயில் ராத்திரிதான், நேரம் இருக்கிறது. வாசலில் மணி அடித்தால் நான் சமையல்கட்டை விட்டு வெளியே வர மாட்டேன். அவர் அந்தத் தம்பி இருக்காருங்களா என்று கேட்பார். கதவை நீயே திறந்து, நீயே பதில் சொல்.

அம்மா